மாமா அன்றைக்கு என்ன மூடில் இருந்தார்?

ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதும் பெண், வயது 32. செல்வி என்று வைத்துக்கொள்வோம். வேலையை விட்டுவிட்டு இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கலாம் என்று அவருக்கு ஓர் எண்ணம். சீட்டு எடுத்த பணம் 2 லட்சம் கையில் இருக்கிறது. தாய்மாமாவிடம் யோசனை கேட்கப் போகிறார். மாமா சொல்கிறார்: "மாசமானா டாண்ணு வர்ற சம்பளத்தை விட்டுப்போட்டு எதுக்கு அம்மிணி இந்த வம்பு? மாவு இன்னைக்கு ஓடும், நாளைக்குப் புளிச்சுப்போகும்."

செல்வியின் தம்பி இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாமாவிடம் போயிருந்தான். கையில் பணம் குறைவு, வாங்க வேண்டிய கடன் அதிகம், செல்போன் கடை போட ஆசை. அன்றைக்கு மாமா சொன்னது: "போடு மாப்ளே, பாத்துக்கலாம். விழுந்தாலும் எந்திரிச்சுக்குவே."

மாமா மோசமானவர் இல்லை. இரண்டு பேர் மேலும் ஒரே பாசம்தான். கேட்டால், தொழிலைப் பார்த்துத்தான் சொன்னேன் என்று சத்தியம் செய்வார். ஆனால் தம்பி வந்த நாள், அவருடைய மஞ்சள் நல்ல விலைக்குப் போன நாள். செல்வி வந்தபோது, பழைய கூட்டாளி ஒருவரின் சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பி, குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்த யோசனைக்குள் தொழிலைத் தவிர இன்னும் இரண்டு விஷயங்கள் புகுந்திருக்கின்றன. ஒன்று, சொல்பவரின் மனநிலை. இன்னொன்று, கேட்பவர் ஆணா பெண்ணா என்பது. கடந்த நாற்பது வருடங்களாக உளவியல்காரர்களும் பொருளாதாரக்காரர்களும் இவற்றைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டும் தனித்தனி விஷயங்கள் போலத் தெரியும். அப்படி இல்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த இடம்.

முதலில் ரிஸ்க் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒருவர் உங்களிடம் வந்து, "இந்தா 500 ரூபாய், வைத்துக்கொள். அல்லது பூவா தலையா போடுவோம். தலை விழுந்தால் 1,200, பூ விழுந்தால் ஒன்றும் கிடையாது" என்கிறார். கணக்குப்படி இரண்டாவதன் சராசரி 600 ரூபாய். இருந்தாலும் நிறையப் பேர் 500-ஐ வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். அது கோழைத்தனமும் இல்லை, முட்டாள்தனமும் இல்லை. நாளைக்கு வீட்டு வாடகைக்குச் சரியாக அந்த 500 குறைகிறது என்றால் நானும் அதைத்தான் செய்வேன்.

இங்கே நம் மனம் இரண்டு வேலை செய்கிறது. கெட்டது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிப்பது முதல் வேலை. அது நடந்தால் என்னால் தாங்க முடியுமா என்று பார்ப்பது இரண்டாவது. காசு சுண்டும்போது முதல் வேலை சுலபம், பாதிக்குப் பாதி. மாவு வியாபாரத்தில் அந்தச் சதவீதத்தை யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்? தெரியாத அந்த எண்ணை மனம் தானே நிரப்பிக்கொள்ள வேண்டும். நிரப்பும்போது பக்கத்தில் எந்தப் பானை இருக்கிறதோ அதிலிருந்து மொண்டு ஊற்றிவிடும். பெரும்பாலும் அந்தப் பானை, அன்றைய மூட்.

பானையில் என்ன இருக்கிறது

1983-இல் எரிக் ஜான்சன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களுக்குச் செய்தித்தாளில் வருவது போன்ற ஒரு மரணச் செய்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு நோய், விபத்து, கொலை என்று பலவகை ஆபத்துகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் சாவார்கள் என்று கணிக்கச் சொன்னார்கள். சோகச் செய்தியைப் படித்தவர்களின் கணிப்பு கூடியது. இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நோயில் இறந்தவரைப் பற்றிப் படித்தால் நோய் பற்றிய பயம் மட்டும் கூடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? எல்லா ஆபத்துகளும் சேர்ந்தே கூடின, செய்திக்குச் சம்பந்தமே இல்லாதவையும்கூட. சாவு வீட்டிலிருந்து வந்த மாமாவுக்கு இட்லி மாவு ஏன் அபாயகரமாகத் தெரிந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

கோபம் என்றால் யார் மேல் என்று கேட்கலாம், பயம் என்றால் எதைக் கண்டு என்று கேட்கலாம். மூடுக்கு அப்படி விலாசம் கிடையாது. "என்னவோ மாதிரி இருக்கு" என்பதோடு சரி. விலாசம் இல்லாததால்தான் அது பொருந்தாத வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நார்பர்ட் ஷ்வார்ஸ், ஜெரால்ட் குளோர் இருவரும் அதே 1983-இல் ஒரு ஆய்வு செய்தார்கள். தொலைபேசியில் கூப்பிட்டு, வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்டார்கள். வெயில் அடித்த நாளில் கேட்கப்பட்டவர்கள் வாழ்க்கையே நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். மழை நாளில் பதில் மங்கியது. ஆனால் "அங்கே வானிலை எப்படி?" என்று முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மழையின் பாதிப்பு காணாமல் போனது. மூட் எங்கிருந்து வருகிறது என்று ஞாபகம் வந்ததும் மனம் அதைக் கழித்துவிட்டது என்பது அவர்கள் விளக்கம். பின்னாளில் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உளவியலில் இது அடிக்கடி நடப்பதுதான். அந்த யோசனை மட்டும் இன்னும் உபயோகமாக இருக்கிறது. கடைசியில் திரும்ப வருகிறேன்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பார்க்க வேண்டும் என்றால் பங்குச் சந்தைக்குப் போகலாம். 2007-இல் அலெக்ஸ் எட்மன்ஸ், டியேகோ கார்சியா, ஓய்விந்த் நோர்லி மூவரும் பல நாடுகளின் பந்தய முடிவுகளையும் பங்கு விலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். உலகக் கோப்பைக் கால்பந்தில் தோற்றால் வெளியே என்ற கட்டத்தில் ஒரு நாடு தோற்றால், மறுநாள் அந்த நாட்டுப் பங்குச் சந்தை வழக்கத்தைவிடச் சராசரியாக 0.49 சதவீதம் சரிந்தது. கிரிக்கெட் தோல்விக்கும் இந்தச் சரிவு உண்டு! ஆனால் ஜெயித்தால் ஏற்றம் எதுவும் தெரியவில்லை. தோற்ற மறுநாள் எந்தத் தொழிற்சாலையும் இடிந்து விழுவதில்லை. மாறியது மனிதர்களின் மனநிலை மட்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, நல்ல மூட் என்றால் துணிச்சல், கெட்ட மூட் என்றால் தயக்கம் என்று முடிவுகட்டத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இரண்டுமே முழுக்கச் சரியில்லை.

நல்ல மூடை எடுத்துக்கொள்வோம். ஆலிஸ் ஐசன் என்ற உளவியலாளர் 1980-களில் செய்த பந்தயச் சோதனைகளில், சின்னதாக ஏதோ பரிசு கிடைத்துச் சந்தோஷமாக இருந்தவர்கள் சிறிய பந்தயத்தில் அதிகத் துணிச்சல் காட்டினார்கள். பந்தயம் பெரிதானதும், சாதாரண மூடில் இருந்தவர்களைவிடப் பின்வாங்கினார்கள். சந்தோஷமாக இருப்பவருக்கு இழக்க ஒரு பொருள் கூடுதலாக இருக்கிறது, அந்தச் சந்தோஷமே. கல்யாண வீட்டில் குஷியாக இருக்கும் பெரியப்பா சீட்டாட்டத்தில் நூறு ரூபாயை அலட்சியமாகப் போடுவார். வீட்டுப் பத்திரத்தைப் பற்றி அங்கேயே பேச்செடுத்தால், "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று நழுவிவிடுவார்.

கெட்ட மூட் இன்னும் சிக்கல். பயமும் கோபமும் இரண்டுமே கெட்ட உணர்ச்சிகள்தான். ஆனால் ரிஸ்க் விஷயத்தில் ஒன்று வடக்கே இழுத்தால் மற்றது தெற்கே இழுக்கும். 2000, 2001 ஆண்டுகளில் ஜெனிஃபர் லெர்னரும் டாக்கர் கெல்ட்னரும் இதைக் காட்டினார்கள். பயந்தவர்கள் ஆபத்தைக் கூட்டிக் கணித்தார்கள். கோபக்காரர்கள் குறைத்துக் கணித்தார்கள், கிட்டத்தட்டச் சந்தோஷமாக இருப்பவர்களைப் போலவே. பயத்தின் அடியில், என்ன நடக்கும் என்று தெரியாது, என் கையில் எதுவும் இல்லை என்ற எண்ணம் இருக்கிறது. கோபத்தின் அடியில் இருப்பதோ, யார் செய்தது என்று எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற உறுதி. முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு வந்த நண்பரிடம் போய், "வேலையை விடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "விடுறா, பாத்துக்கலாம்!" அவர் பேசுவது உங்கள் வேலையைப் பற்றியே இல்லை.

ஆண், பெண்: சராசரிக்கும் செல்விக்கும் என்ன சம்பந்தம்?

"ஆம்பளைங்கதான் ரிஸ்க் எடுப்பாங்க" என்பது டீக்கடை ஞானம். நம் பழமொழியே "துணிந்தவனுக்குத் துக்கமில்லை" என்றுதான் இருக்கிறது. துணிந்தவளுக்கு என்ன என்று யாரும் யோசிக்கவில்லை போலும்.

டீக்கடை ஞானத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1999-இல் ஜேம்ஸ் பர்ன்ஸ் குழுவினர் 150 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ரிஸ்க் எடுப்பதில் 16 வகைகள் பிரித்து அலசியதில் 14-இல் ஆண்களின் சராசரி கூடுதல். ஆனால் வித்தியாசத்தின் அளவு வகைக்கு வகை, வயதுக்கு வயது மாறியது. காலப்போக்கில் அது குறைந்துகொண்டும் வந்தது. சராசரி என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? ஒரு கல்யாண மண்டபத்தில் நூறு ஆண்கள், நூறு பெண்கள். ஒவ்வொருவரும் எவ்வளவு ரிஸ்க் எடுப்பார்கள் என்று மார்க் போட்டு, மார்க் வரிசையில் நிற்க வைக்கிறீர்கள். முன்னால் ஆண்கள் சற்று அதிகம் தென்படலாம், பின்னால் பெண்கள் சற்று அதிகம். நடுவில் நீண்ட தூரத்துக்கு இருவரும் கலந்துதான் நிற்பார்கள். அந்த வரிசையில் செல்வி எங்கே நிற்கிறார் என்பதை அவர் பெண் என்பதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

எந்த ரிஸ்க் என்பதும் முக்கியம். எல்கே வெபர் தலைமையிலான குழு 2002-இல் பணம், உடல்நலம், பொழுதுபோக்கு, நேர்மை, சமூக உறவு என்று பிரித்துக் கேட்டது. முதல் நான்கில் பெண்களின் தயக்கம் அதிகம். சமூக உறவில், அதாவது ஊர் ஏற்காத கருத்தைச் சொல்வது போன்றவற்றில், அப்படி இல்லை.

வளர்ப்புக்கும் பங்கு உண்டு. நம் மேகாலயாவில் காசி இனத்தவரிடம் தாய்வழிச் சமூக முறை இருக்கிறது. டான்சானியாவின் மாசாய் இனத்தவர் தந்தைவழிச் சமூகம். 2009-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் இரண்டு இடத்திலும் ஒரே விளையாட்டு: டென்னிஸ் பந்தை வாளிக்குள் போட வேண்டும். விழும் பந்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கலாம், அல்லது இன்னொருவரோடு போட்டி போட்டு, ஜெயித்தால் மூன்று மடங்கு வாங்கலாம். மாசாய் ஆண்களில் 50 சதவீதம் போட்டியைத் தேர்ந்தார்கள், பெண்களில் 26. காசியினரில் பெண்கள் 54, ஆண்கள் 39. இது போட்டி மனப்பான்மையை அளந்தது, ரிஸ்க்கை அல்ல. இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்பதால் இங்கே சொல்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது 2000-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு. 11 மாதக் குழந்தைகள் தவழ்ந்து இறங்க ஒரு சாய்வுப் பலகை. எவ்வளவு சரிவு வரை உங்கள் குழந்தை இறங்கும் என்று அம்மாக்களிடம் கேட்டார்கள். பெண் குழந்தையின் அம்மாக்கள் குறைத்துச் சொன்னார்கள், ஆண் குழந்தையின் அம்மாக்கள் கூட்டிச் சொன்னார்கள். அடுத்த சில நிமிடங்களில் குழந்தைகளையே பலகையில் விட்டுப் பார்த்தபோது இருபாலாரின் திறமையும் ஒன்றாகவே இருந்தது. ஒரு வயதுகூட ஆகவில்லை, பேச்சு வரவில்லை. "பாத்து, விழுந்துடுவே" என்பது மட்டும் அதற்குள் ஆரம்பித்துவிட்டது.

இரண்டும் சேரும் இடம்

2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த சில வாரங்களில் லெர்னர் தன் கூட்டாளிகளோடு அமெரிக்கா முழுவதும் ஆய்வு நடத்தினார். 973 பேர், 13 வயது முதல் 88 வயது வரை. அடுத்த தாக்குதல் வர எவ்வளவு வாய்ப்பு, உங்களுக்கு ஆபத்து எவ்வளவு என்ற கேள்விகள். பெண்கள் ஆபத்தைக் கூட்டிச் சொன்னார்கள், ஆண்கள் குறைத்து. கதை இத்துடன் முடிந்திருந்தால் பழைய கதைதான். ஆனால் யார் எவ்வளவு பயத்தில் இருக்கிறார்கள், எவ்வளவு கோபத்தில் இருக்கிறார்கள் என்பதையும் அவர்கள் அளந்திருந்தார்கள். அதைக் கணக்கில் சேர்த்ததும் ஆண் பெண் வித்தியாசத்தில் 60 முதல் 80 சதவீதம் வரை உணர்ச்சியின் கணக்கில் போய்விட்டது. ஆண்களிடம் கோபம் அதிகம், பெண்களிடம் பயம் அதிகம். ஆண்புத்தி, பெண்புத்தி என்று நாம் பெயர் வைப்பதில் பெரும்பங்கு, யாருக்கு எந்த உணர்ச்சி வாய்த்தது என்பதுதான். கோபப்படுவது பையனுக்கு அழகு, பயப்படுவது பெண்ணுக்கு அழகு என்று வளர்க்கும் ஊரில் இது எப்படி விளையும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தவருக்குச் சொல்லும்போது

தனக்கு எடுக்கும் முடிவு வேறு, அடுத்தவருக்குச் சொல்லும் யோசனை வேறு. பீட்டர் உபெல் குழுவினர் 2011-இல் அமெரிக்க மருத்துவர்களிடம் இதைப் பார்த்தார்கள். குடல் புற்றுநோய்க்கு இரண்டு அறுவை சிகிச்சைகள். ஒன்றில் இறக்கும் வாய்ப்பு சற்று அதிகம், ஆனால் தொல்லை தரும் பின்விளைவுகள் இல்லை. மற்றதில் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல், பின்விளைவு வரலாம். நோயாளி நீங்களே என்றால் எது என்று கேட்டபோது, இறப்பு வாய்ப்பு அதிகமான சிகிச்சையை 37.8 சதவீத மருத்துவர்கள் தேர்ந்தார்கள். வேறொரு நோயாளிக்கு எதைப் பரிந்துரைப்பீர்கள் என்று கேட்கப்பட்ட மருத்துவர்களில் அதைச் சொன்னவர்கள் 24.5 சதவீதம். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அடுத்தவர் உயிர் என்றதும் தராசின் கல்லே மாறிவிடுகிறது.

அந்த அடுத்தவர் பெண் என்றால் இன்னொரு கல் சேர்கிறது. கேத்தரின் எக்கல், ஃபிலிப் கிராஸ்மன் இருவரும் 2002-இல், ஐந்து பந்தயங்களில் எதை மற்றவர்கள் தேர்வார்கள் என்று ஊகிக்கச் சொன்னார்கள். ஊகித்தவர் ஆணோ பெண்ணோ, பெண்களைத்தான் பயந்தவர்களாக ஊகித்தார். 2005-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நிதி ஆலோசகர்கள் தங்கள் வாடிக்கையாளர்களில் ஆண்களின் துணிவை உண்மையில் இருப்பதைவிடக் கூட்டியும், பெண்களின் துணிவைக் குறைத்தும் எடை போட்டிருந்தார்கள். இத்தனைக்கும் அவர்களுக்கு அதுதான் தொழில்.

ஹாங்காங்கில் நடந்தது இன்னும் விசித்திரம். பயிற்சி கொடுத்த ஆண்களையும் பெண்களையும் வாடிக்கையாளர்கள் போல 65 நிதி ஆலோசனை நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். நிதித் திட்டமிடல் நிறுவனங்களில், பணத்தைப் பரவலாகப் போடாமல் தனித்தனிப் பங்குகளில் மட்டும் போடு, உள்ளூரிலேயே போடு என்ற மோசமான யோசனை பெண்களுக்கு அதிகம் கிடைத்தது. அதிலும் "எனக்கு ரிஸ்க் எடுக்கத் தைரியம் உண்டு" என்று காட்டிக்கொண்ட பெண்களுக்குக் குறிப்பாக.

ஆண்களுக்குக் கிடைக்கும் "போடு மாப்ளே" யோசனை மட்டும் லாபமா என்றால், பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடீனும் பார்த்த 35,000 அமெரிக்கக் குடும்பங்களின் பங்குக் கணக்குகள் வேறு சொல்கின்றன. 1991 முதல் 1997 வரை ஆண்கள் பெண்களைவிட 45 சதவீதம் அதிகமாக வாங்கி விற்றார்கள். அந்த ஓயாத வியாபாரம் பங்குகளிலிருந்து ஆண்களுக்கு வந்த வருட வருமானத்தில் 2.65 சதவீதப் புள்ளிகளைத் தின்றது, பெண்களுக்கு 1.72.

கேட்பவர் பக்கமும் மூட் உண்டு. ஃபிரான்செஸ்கா ஜீனோவும் மாரிஸ் ஷ்வைட்சரும் 2008-இல் வெளியிட்ட சோதனைகளில், நன்றி உணர்ச்சியில் இருந்தவர்கள் பிறர் யோசனையை எளிதாக ஏற்றார்கள், கோபத்தில் இருந்தவர்கள் தள்ளினார்கள். பதற்றம்தான் மோசம். 2012-இல் வந்த தொடர் ஆய்வில், பதற்றத்தில் இருந்தவர்கள் யோசனையை அதிகம் தேடினார்கள், அதிகம் நம்பினார்கள், ஆனால் நல்ல யோசனைக்கும் கெட்ட யோசனைக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்தார்கள். ஒரே வாரத்தில் பத்துப் பேரிடம் கேட்டுவிட்டுப் பதினோராவது ஆளைத் தேடும் நண்பர் ஒருவராவது நம் எல்லோருக்கும் இருப்பார்.

செல்விக்கு இதனால் என்ன பயன்? மாமாவைக் கேட்காமல் இருப்பது வழி அல்ல. மாமாவுக்கு ஈரோடு சந்தை தெரியும், யார் சொன்னபடி காசு தருவார், யார் இழுத்தடிப்பார் என்பது தெரியும். செய்யலாமா வேண்டாமா என்று கேட்டால் மனநிலையும் பழக்கமும் முந்திக்கொண்டு பதில் சொல்லும். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டால் தெரிந்தது வெளியே வரும். வேறொரு நாளில், முதலில் அவரைப் பற்றி நலம் விசாரித்துவிட்டு, ஷ்வார்ஸும் குளோரும் வானிலையைக் கேட்டது போல.

செல்வி பத்து நாள் கழித்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"காரியமெல்லாம் முடிஞ்சுதுங்களா மாமா? தூக்கம் வருதுங்களா?"

மாமா கொஞ்ச நேரம் கூட்டாளியைப் பற்றிப் பேசுகிறார். சின்ன வயதில் சேர்ந்து கிணற்றில் நீச்சல் அடித்த கதை வருகிறது. பேசி முடித்து வெற்றிலையை மடிக்கும்போது செல்வி கேட்கிறார்:

"தம்பி மாவுக் கடை போடறேன்னு வந்திருந்தா என்ன கேட்டிருப்பீங்க மாமா?"

மாமா வெற்றிலையை வாய்க்குப் போகும் வழியில் நிறுத்துகிறார். "அவனையா? தினம் எத்தனை பாக்கெட் வித்தா வாடகையும் கரண்ட்டும் கட்டுப்படியாகும்னு கேட்டிருப்பேன். மிஞ்சின மாவ என்ன பண்ணுவேன்னு கேட்டிருப்பேன்."

செல்வி கைப்பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறக்கிறார். மாமா திண்ணையில் கண்ணாடியைத் தேடுகிறார்.